ஐந்து தந்தி வயலினுக்கு மாற்றுத் தந்தி தெரிவு: திருகோணமலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

திருகோணமலை நகரில் வாய்ப்பாட்டுக்கும் பண்ணிசைக்கும் பக்கவாத்தியம் வாசிக்கும் வயலின் ஆசிரியை ஒருவரின் ஐந்து தந்தி வயலினுக்கு மாற்றுத் தந்திகள் தெரிவுசெய்யப்பட்ட விதத்தை இங்கு விளக்குகிறேன். வாத்தியங்களைச் சீர்செய்து கொடுப்பவன் என்ற முறையில் அந்த வயலின் என்னிடம் வந்தது. நான்கு தந்தி வயலினுக்குக் கடையில் கிடைக்கும் ஒரு செட்டை வாங்கிப் பூட்டினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஐந்து தந்தி வயலினில் அது நடவாது. அதிலும் கர்நாடக இசை வாசிப்பவர் உறையில் அச்சிட்ட எழுத்தை நம்பாமல், தாம் கூட்டும் சுருதியிலிருந்தே கணக்கைத் தொடங்க வேண்டும். இந்த நிகழ்வு அதை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டியதால் விரிவாகவே எழுதுகிறேன்.

வாத்தியமும் அதன் பணியும்

வயலின் கனடாவிலிருந்து உறவினர் கொண்டுவந்து கொடுத்தது. முழு அளவு, மர உடல், மின் இணைப்பு எதுவுமில்லை. நட் எனப்படும் தலைமேட்டிலிருந்து, தந்திகளைத் தாங்கி நிற்கும் குதிரை எனப்படும் மரத்துண்டு வரை அளந்தபோது அதிரும் நீளம் 328 மில்லிமீற்றர் இருந்தது. சாதாரண முழு அளவு வயலினின் நீளமும் அதுதான். மேலைநாட்டு முறையில் இதன் தந்திகள் கீழிருந்து சி, ஜி, டி, ஏ, ஈ என்று கூட்டப்படும். அதாவது வயலினின் நான்கு தந்திகளுக்குக் கீழே வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவின் சி தந்தி ஒன்று சேர்ந்திருக்கிறது. மேலிருந்து எண்ணுவதால் ஈ முதல் தந்தி, அந்தச் சி ஐந்தாம் தந்தி.

இசைக்கலைஞர் தந்தியைக் கூட்டிக்கொள்வது நம் மரபுக்குப் புதிதன்று. மைசூர் சௌடையா ஏழு தந்தி வயலின் வாசித்தவர். அவர் மேல் தந்திகளை இரட்டித்தது ஒலியைப் பெருக்குவதற்காக. ஐந்தாவது தந்தியின் நோக்கம் வேறு: அது கீழ் ஸ்தாயியை நீட்டித் தருகிறது. அந்த நீட்டிப்பு கர்நாடகப் பக்கவாத்தியக்காரருக்கு எவ்வளவு பயன் தருகிறது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

நாம் நான்கு தந்திகளையும் மந்தர ஸட்ஜம், மந்தர பஞ்சமம், மத்திய ஸட்ஜம், மத்திய பஞ்சமம் என்று கூட்டுகிறோம். கட்டை என்பது ஸட்ஜம் நிற்கும் சுருதியின் அளவு: 1 கட்டை சி, 5 கட்டை ஜி. பெண்குரலுக்குரிய 5 கட்டையில் இது ஜி, டி, ஜி, டி என்று அமைவதால் கீழிரண்டு தந்திகளும் தம் இயல்பான நிலையிலேயே நிற்கும். மேலிரண்டும் இரண்டு அரைச்சுரம் மட்டுமே இறங்கும். ஆண்குரலுக்கு 1 கட்டையில் அதையே சி, ஜி, சி, ஜி என்று கூட்டப் போனால் நிலைமை மாறிவிடும். ஜி தந்தி சி வரைக்கும் டி தந்தி ஜி வரைக்கும் இறங்க வேண்டும். ஒரு தந்தியின் இழுவிசை அதன் மீடிறனின் (அதிர்வெண்ணின்) வர்க்கத்துக்கு நேர்விகிதமானது. ஆகவே மீடிறன் மூன்றில் இரண்டாகக் குறையும்போது இழுவிசை ஒன்பதில் நான்காகிவிடும். மேலிரண்டு தந்திகள் ஒன்பது அரைச்சுரம் இறங்குவதால் அவற்றில் நூற்றுக்கு 35 பங்கே மிஞ்சும். தந்தி தொய்ந்து, வில் பட்டதும் சுருதி ஏறி இறங்கி, கமகத்தில் விரல் அழுத்தத்துக்கே சுரம் பிசகும். இதனால்தான் ஆண்குரலுக்கென்று தடித்த தந்தி பூட்டிய இரண்டாவது வயலின் ஒன்றைப் பலர் வைத்திருக்கிறார்கள். நமது ஆசிரியையும் முன்பு இரண்டு வயலின்களைச் சுமந்துதான் கச்சேரிக்குப் போனார்.

ஐந்து தந்தி வயலின் இருந்தால் இந்தச் சுமை வேண்டியதில்லை. 1 கட்டைக்குக் கீழிருந்து சி, ஜி, சி, ஜி, சி என்று கூட்டலாம்: மந்தர ஸட்ஜம் ஐந்தாம் தந்தியில் இயல்பாக அமைகிறது, முதல் தந்தியில் தார ஸட்ஜமும் கூடுதலாகக் கிடைக்கிறது. 5 கட்டைக்கு டி, ஜி, டி, ஜி, டி என்று கூட்டலாம்: நான்காம் தந்தி மந்தர ஸட்ஜமாகவும் ஐந்தாம் தந்தி அனுமந்தர பஞ்சமமாகவும் நிற்கின்றன. இரண்டு கூட்டல்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். நான்காம் தந்தியும் இரண்டாம் தந்தியும் இரண்டிலும் ஒரே ஜி. அவற்றைத் தொடவே தேவையில்லை. மற்ற மூன்றும் சி, டி என்ற இரண்டு இடங்களுக்கிடையே ஒரு முழுச்சுரம் மட்டும் நகர்கின்றன. தெரிவு முழுவதும் இந்த ஒரு கவனிப்பின் மேல் எழுந்தது.

குறையும் அதன் காரணமும்

ஆசிரியை சொன்ன குறையிலேயே விடை பாதி இருந்தது.

“வகுப்பிலே நல்லாத்தான் கேக்குது அண்ணை. கோயில்ல ஐயா பாடத் தொடங்கினாத்தான் கீழ்க் கம்பி முனகுது.”

“ஐயாவுக்கு எந்தக் கட்டை, டீச்சர்?”

“ஒண்டு. பிள்ளைகளுக்கு அஞ்சு.”

வகுப்பில் வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பெண் பிள்ளைகள் 5 கட்டையில் பாடுகிறார்கள். அப்போது ஐந்தாம் தந்தி டி-யில் நிற்கிறது. கோயிலில் அது சி-க்கு இறங்குகிறது. உடலில் விரிசலோ ஒட்டு விட்டதோ குதிரைக் கோளாறோ இருந்தால் இரண்டு சுருதியிலும் ஏதாவது ஒரு வடிவில் அது காதில் பட்டிருக்கும். ஒரு முழுச்சுரம் இறங்கியதும் கெட்டு, ஏறியதும் தேறுகிற ஒலி தந்தியின் தொய்வையே சுட்டுகிறது.

பெட்டியைத் திறந்து, தந்தியை முறுக்கிக் கூட்டும் பிரடையின் பக்கத்தைப் பார்த்ததும் ஐயம் தீர்ந்தது. தந்தியின் தலைப்பில் சுற்றியிருக்கும் வண்ணப் பட்டுநூல் நட்டைத் தாண்டியதும் தொடங்கி, பிரடையில் நூல் மட்டுமே சுற்றப்பட வேண்டும். இதிலோ நட்டைத் தாண்டியும் தடித்த உலோகச் சுற்றே தொடர்ந்து, பிரடையை ஒரு முழுச்சுற்றுச் சுற்றிய பிறகுதான் நூல் தொடங்கியது. அந்த வளைவில் தட்டையான உலோக நாடா ஓரிடத்தில் இதழ்விட்டு, நகத்தால் தடவினால் மாட்டியது. பருத்த அந்தச் சுற்று பிரடைப் பெட்டிக்குள் பக்கத்துத் தந்தியையும் உரசிக்கொண்டிருந்தது. பழைய ஐந்தாம் தந்தி அறுந்தபோது முழு அளவு வயோலாவுக்குரிய சி தந்தியை வாங்கிப் பூட்டியிருக்கிறார்கள். உறையில் சி என்று இருந்ததால் அது பொருந்தும் என்று எண்ணியிருப்பார்கள்.

வயோலாவின் அதிரும் நீளம் ஏறத்தாழ 375 மில்லிமீற்றர். அந்த நீளத்தில் 5 கிலோகிராம் இழுவிசைக்குச் செய்த தந்தியை 328 மில்லிமீற்றரில் அதே சுரத்துக்குக் கூட்டினால், நீளங்களின் விகிதத்தின் வர்க்கப்படி இழுவிசை சுமார் 3.8 கிலோகிராமுக்கு விழுகிறது. டி-க்கு ஏற்றும்போது அது மீண்டும் 4.8-ஐத் தொடுகிறது. வகுப்பில் நன்றாகக் கேட்டதற்கும் கோயிலில் முனகியதற்கும் இந்த ஒரு கிலோகிராம் வேறுபாடே காரணம்.

தொய்வுக்கு மேலாக இன்னொன்றும் உண்டு. வயலினின் உடலுக்குள் அடைபட்ட காற்று 270 முதல் 280 ஹேர்ட்ஸ் அளவில் பரிவுறுகிறது; அதற்குக் கீழே உடல் ஒலியை வெளியே தள்ளும் ஆற்றல் விரைவாகக் குறைந்துவிடும். ஐந்தாம் தந்தியின் சி 131 ஹேர்ட்ஸ். ஆகவே அடிச்சுரத்தை இந்தச் சிறிய உடல் அநேகமாக வெளியிடுவதே இல்லை. 262, 392 ஹேர்ட்ஸ் என்று மேலே எழும் மேற்றொனிகளைக் கேட்டே செவி அடிச்சுரத்தை உணர்ந்துகொள்கிறது. தடித்து விறைத்த, தொய்ந்த தந்தியில் மேற்றொனிகள் மங்கியும் சற்றுப் பிசகியும் பிறக்கும். அதனால் ஐந்தாம் தந்திக்கு ‘கனமான, இருண்ட ஒலி’ என்று விளம்பரமாகும் தந்தியைத் தேடுவது தவறான வழி என்றே கருதுகிறேன். தெளிவான மேற்றொனி தரும் தந்திதான் இங்கே ஆழமாகக் கேட்கும்.

தெரிவு

ஐந்தாம் தந்திக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஐந்து தந்தி வயலினுக்கென்றே வயலின் நீளத்தில் செய்யப்படும் சி தந்தி ஒன்று; டி'அடாரியோவின் ஹெலிகோர் வரிசையில் இதற்கென்று முழு செட்டே வருகிறது. மற்றது 14 அங்குல வயோலாவுக்கான சி தந்தி. 14 அங்குலம் என்பது முழு அளவு வயலினின் உடல் நீளமே ஆதலால் அதிரும் நீளமும் ஏறத்தாழ ஒத்துப்போகும். முதலாவது கிடைக்காதவர் இரண்டாவதைத் துணிந்து வாங்கலாம். உறையில் உள்ள அங்குல அளவை மட்டும் தவறாமல் பார்க்க வேண்டும். திருகோணமலைக் கடைகளில் நான்கு தந்தி செட் கிடைக்கும், இவை இரண்டும் கிடைப்பதில்லை. கொழும்பிலோ சென்னையிலோ சொல்லி வைக்க வேண்டும், அல்லது வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் கேட்க வேண்டும். சொல்லி அனுப்பும்போது “வயலின் சி” என்று மட்டும் எழுதினால் வயோலா தந்திதான் வந்து சேரும். அதிரும் நீளத்தை மில்லிமீற்றரில் எழுதி அனுப்புவதே பாதுகாப்பு.

அடுத்த கேள்வி இழுவிசை. நடுத்தர வகை சி தந்தி சுமார் 5 கிலோகிராமில் நிற்கும். அதை டி-க்கு ஏற்றினால் நூற்றுக்கு 26 பங்கு கூடி 6.3 ஆகும். கீழ்த் தந்திக்கு இது அதிகம்; வில்லுக்கு இணங்காமல் விறைக்கும், வயலினின் மேற்பலகைக்கும் வீண் பாரம். ஆகவே மென்வகையைத் தெரிந்தோம்: சி-யில் ஏறத்தாழ 4.2, டி-யில் 5.3. இரண்டு சுருதிக்கும் நடுவில் நிற்கும் தந்தி இதுவே. சுற்று டங்ஸ்டன் உலோகமாக இருக்க வேண்டும் என்றும் கேட்டோம். டங்ஸ்டனின் அடர்த்தி வெள்ளியைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. 4.2 கிலோகிராமில் சி ஒலிக்க வேண்டுமானால் தந்தி மீற்றருக்கு 5.6 கிராம் நிறை கொண்டிருக்க வேண்டும். அந்த நிறையை வெள்ளியில் கொண்டுவந்தால் தந்தி பருக்கும், டங்ஸ்டனில் மெலிந்தே இருக்கும். மெலிந்த தந்தி கமகத்துக்கு விரலின் கீழ் எளிதாக உருளும்.

மேல் தந்திகளில் கணக்கு எதிர்ப்பக்கமாக ஓடியது. இரண்டாம் தந்தி ஏ என்று விற்கப்படுவது. நாம் அதை எப்போதும் ஜி-யில் வைத்திருப்போம். நடுத்தர ஏ தந்தியின் 5.5 கிலோகிராம் அங்கே 4.4 ஆகிவிடும். எனவே கனவகையை எடுத்தோம், 6.2 என்று குறித்த தந்தி நமது சுருதியில் 4.9-இல் நின்றது. மூன்றாவதற்கும் கனவகைதான்: டி-யில் 5.4, சி-யில் 4.3. நான்காம் தந்தி மட்டுமே உறையில் உள்ள சுரத்திலேயே நிற்பதால் நடுத்தர வகை போதுமானது. முதல் தந்தி சுற்றில்லாத வெறும் உருக்கு. வழமையான 0.26 மில்லிமீற்றர் தந்தி சி-யில் 5 கிலோகிராமும் டி-யில் 6.3-உம் தரும், அது குறையன்று. ஆனாலும் தார ஸ்தாயியில் ஆண்குரலோடு இணைந்து நிற்கும்போது சற்று உறுதி வேண்டும் என்பதால் 0.27 எடுத்தோம், அது 5.4, 6.8 ஆகிறது.

இப்படிக் கலந்து எடுத்ததில் கூட்டுத்தொகையைப் பார்க்காமல் விடக்கூடாது. நான்கு தந்தி வயலின் சுமார் 22 கிலோகிராம் இழுவிசையைத் தாங்குகிறது. ஐந்து தந்தி செட்டை உறையில் கண்டபடி கூட்டினால் 27-ஐத் தாண்டும். நமது தெரிவில் 1 கட்டைக்கு 23.6, 5 கட்டைக்கு 27.2. ஐந்து தந்திக்கென்று கட்டிய உடல் இதைத் தாங்கும். நான்கு தந்தி வயலினில் ஐந்தாவது பிரடையைத் துளைத்துப் பூட்டியவர்கள் இந்தத் தொகையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

உள்ளீடு, அதாவது சுற்றுக்குள்ளே ஓடும் நடு இழை, பற்றிய முடிவே எனக்கு மிகுந்த யோசனை தந்தது. வியன்னாவின் தோமாஸ்டிக்-இன்ஃபெல்ட் 1970-இல் வெளியிட்ட டொமினன்ட் தந்திகளிலிருந்து, நைலான் இனத்துச் செயற்கை இழையை உள்ளீடாகக் கொண்ட தந்திகள் உலகெங்கும் பரவின. நரம்புத் தந்தியின் கனிவை அவை பெருமளவு தருகின்றன. ஆசிரியையின் காதுக்கும் அந்தக் கனிவுதான் பிடித்தமானது. ஆனால் செயற்கை இழை நீண்டு நீண்டுதான் அமைதிக்கு வரும். ஒவ்வொரு முறையும் ஒரு முழுச்சுரம் ஏற்றி இறக்கினால் கச்சேரியின் பாதிவரை அது தவழ்ந்துகொண்டே இருக்கும். திருகோணமலையின் காலநிலை இதைக் கூட்டுகிறது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிற்பகல் வறண்டு கொதிக்கிறது. மாரியில் கடற்காற்றின் ஈரம் பெட்டிக்குள்ளேயே வந்து தங்குகிறது. முறுக்கிய உருக்கிழை உள்ளீடு கொண்ட தந்தி இவ்விரண்டுக்கும் அசையாது, கூட்டியதும் நிற்கும்.

நகராத இரண்டாம், நான்காம் தந்திகளைச் செயற்கை இழையிலும் நகரும் மூன்றையும் உருக்கிலும் போடலாமே என்ற யோசனை கணக்கில் அழகாகத்தான் இருந்தது. நான் அதற்கு உடன்படவில்லை. ஸட்ஜத் தந்தியிலிருந்து பஞ்சமத் தந்திக்கு ஒரு பிடி கடக்கும்போது குரல் மாறக்கூடாது. பாடகரின் தொண்டை அங்கே மாறுவதில்லை, பக்கவாத்தியமும் மாறலாகாது. ஆகவே இரண்டு முதல் ஐந்து வரை நான்கையும் ஒரே வரிசையின் உருக்கிழைத் தந்திகளாகவே எடுத்தோம். சற்றுக் கூர்மையான ஒலி இதற்குக் கொடுத்த விலை. அதைத் தெரிந்தே ஆசிரியை இசைந்தார்.

மேற்பரப்பு பற்றி ஒரு சொல். விரலில் தேங்காயெண்ணெய் தொட்டு, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிச் செல்லும் ஜாருகளை இழுக்கும் நமது கைக்குத் தட்டையாக மெருகிட்ட சுற்றுத்தான் ஏற்றது. அலுமினியச் சுற்று வியர்வைக்கும் உப்புக் காற்றுக்கும் விரைவில் அரித்துப் புள்ளி விழும் என்பதால், கடற்கரை ஊரில் இருப்பவர் அதைத் தவிர்ப்பது நல்லது.

பூட்டியதும் பின்னர் கண்டதும்

தந்திகளை ஒவ்வொன்றாகவே மாற்றினோம். ஐந்தையும் ஒருசேரக் கழற்றினால் குதிரை விழும். உள்ளே மேற்பலகையைத் தாங்கும் ஒலித்தூணும் சாயலாம். வயோலா தந்திக்காக அகலப்படுத்தியிருந்த நட் பள்ளத்தை நிரப்பி, புதிய தந்தி தன் பருமனில் மூன்றிலொரு பங்கு மட்டும் அமரும்படி திரும்ப வெட்டி, பென்சில் கரியைத் தடவினேன். குறைந்த இழுவிசையில் ஐந்தாம் தந்தி அகலமாக வீசி அதிரும் என்பதால் விரற்பலகையின் முடிவில் அதற்குச் சுமார் 6 மில்லிமீற்றர் இடைவெளி விட்டேன், நான்காவதற்கு 5.5 போதும்.

ஐந்தாம் தந்தியின் முனகல் உடனேயே நின்றது. 1 கட்டையில் வில்லை இலேசாக வைத்தாலே மந்தர ஸட்ஜம் எழுந்தது; வயோலாவின் கனம் அதில் இல்லை, இந்த உடலில் அதை எதிர்பார்க்கவும் கூடாது. கச்சானில் பூட்டிய தந்திகள் நவராத்திரிக் கச்சேரிகளைக் கடந்து மாரியிலும் சுருதி பிசகாமல் நின்றன. மாரியில் பிரடைகள் ஊதி இறுகியதால் சுருதி மாற்றுவது சிரமமாயிற்று. பிரடைப் பசை தடவியதும் சரியாயிற்று. ஒரு கூட்டலிலிருந்து மற்றதற்குப் போகும்போது மூன்று தந்திகள் ஒரே பக்கமாக இழுபடுவதால் குதிரையின் தலை முன்னோ பின்னோ சாய்கிறது. ஒவ்வொரு மாற்றத்தின் பின்னும் அதை இரு விரலால் பிடித்து நிமிர்த்தும் பழக்கத்தை ஆசிரியை ஏற்படுத்திக்கொண்டார்.

முழு நிறைவு தராதது மூன்றாம் தந்தி. 1 கட்டையில் மத்திய ஸட்ஜமாக நிற்கும் அதுவே கச்சேரியில் மிகுதியாக ஒலிக்கும் தந்தி, 4.3 கிலோகிராமில் அதன் ஒலி இரண்டாம் தந்தியைவிடச் சற்று அடங்கியே இருக்கிறது. ஒலித்தூணைச் சிறிது நகர்த்தியதில் ஓரளவு திருந்தியது. அதே வரிசையில் அதைவிடக் கனமான டி தந்தி இல்லாததால், அடுத்த மாற்றின்போது வேறு வரிசையில் 5.8 கிலோகிராம் அளவிலுள்ள உருக்கிழைத் தந்தியை அந்த ஒரு இடத்தில் மட்டும் பூட்டிப் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறோம். குரல் ஒத்துவராவிட்டால் பழையதற்கே திரும்புவோம். முதல் தந்தி உப்புக் காற்றில் துருப்பிடிப்பதால் அதை மட்டும் அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது, 0.27 மில்லிமீற்றரில் சில தந்திகளை எண்ணெய்த் தாளில் சுற்றி ஆசிரியை பெட்டியிலேயே வைத்திருக்கிறார்.